ரத்தக்கார அண்ணன் சொன்னாச் சரி

எந்திரிக்காதீங்க தம்பி. அட, படுங்க. எல்லாரும் இப்படித்தான். ஊசியை உருவுன ஒடனே ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு நடப்பாங்க, கதவு வரைக்கும் போயித் தொப்புன்னு உழுவாங்க. கால் மணி நேரம் கம்முனு படுத்திருங்க. அந்த ஜூஸைக் குடிங்க. பிஸ்கெட்டையும் தின்னுபோடுங்க, வேண்டாம்னு சொல்லப்படாது. பல்லடத்துல இருந்து பஸ் புடிச்சு கோயமுத்தூர் வந்து, முன்னப்பின்னத் தெரியாத ஒரு கொழந்தைக்கு ரத்தம் குடுத்திருக்கறீங்க. நீங்க நல்லா இருக்கோணும்.

நாந்தானுங்க உங்களுக்குப் போன் பண்ணுன நாச்சிமுத்து. தாராபுரத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறேன். ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. ரத்தக்கார அண்ணன் வீடு எதுன்னு கேளுங்க, பஸ் ஸ்டாண்டுல பூ விக்கற அம்மா கூட வழி சொல்லும். நாப்பத்தேழு தடவை குடுத்திருக்கறேன் தம்பி. இருபத்தெட்டு வருசத்துல ஒரு தடவை கூடத் தலை சுத்துனதில்லை. இந்தப் போன்ல இருக்கறது முச்சூடும் ஆளுக பேரும் குரூப்பும்தான். பத்து ஊருக்கு எந்த ஆஸ்பத்திரியில ஆருக்கு என்ன குரூப்பு வேணும்னாலும் மொதப் போனு எனக்குத்தான் வரும். சோத்துல கை வெச்சிருந்தாலும் கழுவீட்டு எந்திரிச்சுப் போயிருவேன். எங்கூட்டுக்காரி சுலோச்சனா சொல்லுவா, உங்களைக் கட்டுனதுக்குப் பதிலா ஒரு ஆம்புலன்ஸைக் கட்டியிருக்கலாம், அதுவாச்சும் எப்பவாவது ஷெட்டுல நிக்கும்னு.

ஓ நெகட்டிவ்ல எங்கிட்ட ஒம்பது பேரு இருக்கறாங்க. ஒருத்தரு துபாய்ல. ரெண்டு பேரு போன மாசந்தான் குடுத்திருந்தாங்க. ஒருத்தருக்குக் காச்சல். ஒரு பொண்ணு கொழந்தைக்குப் பால் குடுத்துட்டிருக்குது. இப்படியே ஒவ்வொருத்தரா அடிச்சுப் பாத்து ஏழாவது ஆளு நீங்க. நீங்க "வர்றனுங்க"ன்னு சொன்னதும் எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. அடுத்தவங்களுக்காகப் போன் பண்ணும்போது அழுததே இல்லை நானு.

ஆருக்குன்னு கேட்டீங்கல்ல? எம்பேத்திக்குங்க. பொறந்து நாலு நாள் ஆச்சு, இன்னும் பேரு வைக்கலை. மூணாவது மாடியில நீல வெளக்குக்கு அடியில, கண்ணைத் துணியில கட்டிப் படுக்க வெச்சிருக்கறாங்க. மஞ்சக் காமாலை. எல்லாக் கொழந்தைக்கும் வருமே, காத்தால வெயில்ல காட்டுனாச் சரியாப் போகுமே, அது இல்லைங்க. இது ரத்தமே அழிஞ்சு வர்ற காமாலை. ஒடம்புல இருக்கற ரத்தத்தை உருவி உருவி வேற ரத்தம் மாத்தோணும். முந்தாநேத்து ஒருக்கா மாத்துனாங்க, காமாலை அளவு எறங்குச்சு. எறங்குச்சேன்னு நான் கீழ போயி ஒரு டீ குடிச்சேன். இன்னைக்குக் காத்தால மறுக்கா ஏறி இருபத்தொண்ணுல நிக்குது. இன்னும் ஏறி மூளைக்குப் போயிருச்சுன்னா, உசுரு இருந்தாலும் கொழந்தைக்குக் காதும் கேக்காது, எந்திரிச்சு நடக்கவும் நடக்காதுன்னு டாக்டரம்மா சொல்லீட்டாங்க. உங்க ரத்தத்தை எல்லா டெஸ்ட்டும் பண்ணி மேல கொண்டுபோக மூணு மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் நான் பண்றதுக்கு ஒரு வேலையும் இல்லைங்க தம்பி. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

மொத நாளே சட்டைக் கையைச் சுருட்டீட்டு இங்க வந்து நின்னேன். எடுங்க, எவ்வளவு வேணுமோ எடுங்கன்னேன். அந்தா உக்காந்திருக்குதே, அந்தப் பொண்ணு என்ற கார்டைப் பாத்துப்போட்டு, "உங்களுது பாசிட்டிவ்ங்க சார், இந்தக் கொழந்தைக்கு ஆகாது"ன்னு சொல்லுச்சு. நாப்பத்தேழு தடவை! ஆரு ஆருக்கோ போச்சுங்க. கொலைக்கேசுல வெட்டுப்பட்டுக் கெடந்தவனுக்குக் கூடப் போச்சு. எம்பேத்திக்கு ஒரு சொட்டு ஆகாதாம்.

ஏன் இப்படி ஆச்சுங்களா? சொல்றேன். ஆஸ்பத்திரிக்காரங்க பண்ணுன வேலைதான். இந்த ஆஸ்பத்திரி இல்லை, இவங்க தெய்வம். அது எங்கூர்ல, ஒரு சின்ன நர்சிங் ஹோம். டெஸ்ட் பண்ணாம எழுதிப்போட்டாங்க. பொண்ணு ரத்தம் நெகட்டிவ், அவங்க பாசிட்டிவ்னு எழுதிப்போட்டாங்க. அவ்வளவுதானுங்க சங்கதி. ஒரு எழுத்துக்கு ஒரு உசுரு.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா தம்பி? இல்லையா. அப்ப இதைக் கேட்டு வெச்சுக்கோங்க. நீங்க நெகட்டிவா இருக்கறதால ஒரு தொந்தரவும் இல்லை, ஆம்பளைக்கு ஒண்ணும் இல்லை. பொண்ணு நெகட்டிவா இருந்து, கட்டிக்கறவன் பாசிட்டிவா இருந்தாத்தான் வெசனம். வயித்துல வர்ற கொழந்தை அப்பனைக் கொண்டு பாசிட்டிவா வந்துச்சுன்னு வைங்க. மொதக் கொழந்தைக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா அது பொறக்கும்போதோ, கலையும்போதோ, அதோட ரத்தம் ரெண்டு சொட்டு தாயி ஒடம்புல கலந்துரும். தாயி ஒடம்பு, இது நம்மளுது இல்லையேன்னு அடையாளம் கண்டு வெச்சுக்கும். அடுத்த கொழந்தை அதே பாசிட்டிவா வந்து குந்துச்சுன்னா, அந்தக் கொழந்தையோட ரத்தத்தை அழிக்க ஆரம்பிச்சிரும். பெத்தவளுக்கே தெரியாது தம்பி. அவ பாட்டுக்குத் தின்னுட்டு, கொழந்தைக்குப் பேரு யோசிச்சுட்டு இருப்பா. உள்ள இது நடந்துட்டு இருக்கும்.

இதுக்கு ஒரு ஊசி இருக்குது. ஆன்டி-டின்னு பேரு. மொதக் கொழந்தை பொறந்தாலோ கலைஞ்சாலோ மூணு நாளைக்குள்ள போட்டுட்டாத் தீந்துது. இதெல்லாம் எனக்கு இன்னைக்கா தெரியும்? பதினஞ்சு வருசமாத் தெரியும். முகாமுல மைக் புடிச்சு நானே பேசியிருக்கறேன். மூலனூர்ல ஒரு பிள்ளைக்குப் பிரசவம், நெகட்டிவ், ஊசி கெடைக்கலைன்னு அழுதாங்க. நான் மழையோட மழையாத் திருப்பூர் போயி, ஐஸ் டப்பாவுல வெச்சு வாங்கிட்டு வந்து குடுத்தேன். அந்தப் பிள்ளைக்கு இப்ப ரெண்டு பசங்க. ரெண்டும் என்னைப் பாத்தா ஓடி வந்து ரத்தக்காரத் தாத்தான்னு கையைப் புடிச்சுக்கும்.

எம்பொண்ணு பிரதீபா. ஒரே பொண்ணு. ஊசின்னாப் பயம் அவளுக்கு. சின்னதுல ஒருக்கா விரல் நுனியில குத்த வந்தப்ப அழுத அழுகையில மூச்சே நின்னுபோச்சு. அதோட விட்டுட்டேன். ஊரையே வரிசையில நிக்க வெச்சுக் குத்துனவன், எம்புள்ளை விரலை மட்டும் குத்த விட்டதில்லை. பெரியவளானதுக்கு அப்புறமும் நாப்பத்திரண்டு கிலோதான் இருப்பா. அந்த எடைக்கு ரத்தம் எடுக்க மாட்டாங்க, அதனால முகாமுக்கு வந்தாலும் பிஸ்கெட் குடுக்கற வேலைதான் அவளுக்கு. குத்திப் பாக்க என்ன அவசியம் வந்துச்சுங்க? எனக்கு ஓ பாசிட்டிவ். அவங்கம்மாளுக்கு ஓ பாசிட்டிவ். ஓவும் ஓவும் சேந்தா ஓதான்னு ஒரு பெரிய டாக்டரே எங்கிட்டச் சொல்லியிருக்கறாரு. அப்ப பாசிட்டிவும் பாசிட்டிவும் சேந்தா என்ன வரும்? சொரை வெதைச்சா அவரையா மொளைக்கும்?

மொளைக்குமாம் தம்பி. எனக்கு இப்பத்தான் தெரியும். ரெண்டு பேரு ரத்தத்துலயும் நெகட்டிவ் ஒளிஞ்சிருக்குமாம். வெளிய காட்டிக்காதாம். ரெண்டுல இருந்தும் அதுவே வந்து சேந்துச்சுன்னா கொழந்தை நெகட்டிவ். ஓவுக்கு ஒரு ஞாயம், பாசிட்டிவுக்கு ஒரு ஞாயம். இருபத்தெட்டு வருசமா ரத்தத்துக்குள்ளயே கெடந்தவனுக்கு இதை ஒருத்தரும் சொல்லலை பாருங்க.

ஸ்கூல்ல பாரம் குடுத்தாங்க, ரத்த வகைன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, ஓ பாசிட்டிவ்னு எழுதினேன். காலேஜ் கார்டுல அதே. கல்யாணத்துக்கு ஜாதகத்தோட ஒரு தாள் அடிச்சுக் குடுப்பம்ல, படிப்பு, ஒசரம், சம்பளம்னு? அதுல எல்லாரும் ரத்த வகை போட மாட்டாங்க. நான் போட்டேன். பெருமைதான். பாத்தா மாப்பிள்ளை நவநீதனும் ஓ பாசிட்டிவ். ஜாதகத்துல பத்துக்கு எட்டுப் பொருத்தம், நான் ஒம்பதாவது பொருத்தம் ரத்தம்னு பந்தியில நின்னு சொல்லிச் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க.

சரி, கதைக்கு வர்றேன். போன வருசம் ஆடி. தலை ஆடிக்குப் பொண்ணைப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அப்ப அவளுக்கு மூணாம் மாசம் நடக்குது. அந்தியூர்ல, அவங்க மாமியார் ஊட்டுப் பக்கத்து டாக்டர்கிட்ட ஒருக்கா ஸ்கேன் பாத்திருந்தாங்க. ரத்தம் டெஸ்ட்டுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாங்களாம். அதுக்குள்ள ஆடி பொறந்துருச்சு, அங்க போயி அப்பா ஊர்ல எடுத்துக்கலாம்னு சீட்டைப் பையில வெச்சுட்டு வந்துட்டா. அப்பா ஊர்ல! அப்பன்தான் ரத்தக்காரனாச்சே. அந்தச் சீட்டை நான் பாத்தேனுங்க. நம்ம லேப் பையன்கிட்டச் சொல்லி ஆடி நோம்பி முடிஞ்சு எடுத்துக்கலாம்னு டிவி மேல வெச்சேன்.

பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு மத்தியானம். ஊரே அமராவதி ஆத்துல. சுலோச்சனா கூட்டுச்சோறு கட்டி வெச்சிருந்தா. புள்ளை திடீர்னு வயித்தைப் புடிச்சுட்டு உக்காந்துட்டா. பாவாடையெல்லாம் ரத்தம். அந்த நர்சிங் ஹோமுக்குத் தூக்கிட்டுப் போனோம். கலைஞ்சு போச்சு, சுத்தம் பண்ணோணும்னுட்டாங்க.

சிஸ்டர் ஒருத்தங்க பாரம் எழுதீட்டிருந்தாங்க. வயசு கேட்டாங்க, எத்தனாம் மாசம்னு கேட்டாங்க. அப்புறம் ரத்த வகை என்னன்னு கேட்டாங்க. லேப்காரன் நோம்பிக்குப் போயிருக்கறான், சாயங்காலம் வந்து எடுப்பான், அப்ப எழுதிக்கறேன்னும் சொன்னாங்க. அந்தம்மா மேல தப்புச் சொல்ல முடியாது, எழுதாமத்தான் வெச்சிருந்தாங்க.

ஆருங்களா? ஆரு சொன்னதுன்னு கேக்கறீங்களா?

பிஸ்கெட் தின்னுங்க தம்பி. இன்னொண்ணு இருக்குது பாருங்க.

நாந்தான் சொன்னேன். "ஓ பாசிட்டிவ் சிஸ்டர். எழுதிக்கோங்க. எம்பொண்ணு ரத்தத்தை எனக்கே டெஸ்ட் பண்ணிச் சொல்லோணுமா"ன்னேன். அந்தம்மா நிமிந்து பாத்துச்சு. "அட, ரத்தக்கார அண்ணனுங்களா! அண்ணன் சொன்னாச் சரி"ன்னு எழுதிப்போட்டாங்க. அவ்வளவுதான். லேப்காரன் சாயங்காலம் வந்திருப்பான். அதான் எழுதியாச்சேன்னு போயிருப்பான். மூணு நாள் கழிஞ்சுது. நாலாம் நாளும் கழிஞ்சுது. புள்ளைக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டுட்டு, அடுத்தது நிக்கும் அம்மிணி, வெசனப்படாதேன்னு சொல்லீட்டு உக்காந்திருந்தேன்.

இருந்தாலும் டெஸ்ட் பண்ணியிருக்கோணும்ல தம்பி? ஒரு ஆஸ்பத்திரின்னா? ஆரு என்ன சொன்னாலும் எடுத்துப் பாக்கறதுதானே மொறை? நான் சொன்னா என்ன, சர்க்காரே சொன்னா என்ன?

இந்தத் தடவை கரு நின்னது மாசிக்கு மேல. அந்தியூர்ல ஒழுங்கா ரத்தம் எடுத்தாங்க. ஓ நெகட்டிவ். லேப்ல தப்பு, மறுக்கா எடுங்கன்னு போன்ல நாந்தான் சத்தம் போட்டேன். மறுக்கா எடுத்தாங்க. ஓ நெகட்டிவ். வேற ஊர்ல எடுத்தோம். ஓ நெகட்டிவ். அப்புறம் இன்னொரு டெஸ்ட்டு, தாயி ஒடம்பு எதிர்ப்புக் கட்டியிருக்குதான்னு பாக்கறது. கட்டியிருச்சு, நெறைய. ஒடனே கோயமுத்தூர் போங்கன்னு இங்க அனுப்பிச்சாங்க.

இங்க டாக்டரம்மா முன்னால அஞ்சு பேரு உக்காந்திருந்தோம். நானு, சுலோச்சனா, பிரதீபா, மாப்பிள்ளை, சம்பந்தியம்மா. டாக்டரம்மா பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "பாசிட்டிவ்னு எழுதியிருக்குதே, டெஸ்ட் ரிப்போர்ட் எங்க? ஆரு இதைச் சொன்னது?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, சத்தியமாத் தொறக்கத்தான் போனேன், பிரதீபா சொல்லிப்போட்டா. "நாந்தான் சொன்னேங்க மேடம். காலேஜ் கார்டுல அப்படித்தான் இருந்துச்சு, அதைப் பாத்துச் சொன்னேன்"னு.

அன்னைக்கு மயக்கத்துல கெடந்தவ தம்பி அவ. ஒரு வார்த்தை பேசுற நெலமையில இல்லை. சுலோச்சனாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மாப்பிள்ளை அன்னைக்கு அந்தியூர்ல இருந்தாரு, அவருக்குத் தெரியாது.

சம்பந்தியம்மா அந்த அறையிலயே, "தன் ஒடம்புல ஓடற ரத்தம் என்னன்னு கூடத் தெரியாம ஒரு பொண்ணு இருக்குமா? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில உழுமாம் துள்ளி"ன்னாங்க. அது எம்பொண்ணைச் சொன்னாங்களா, என்னைச் சொன்னாங்களான்னு இன்னும் எனக்கு வெளங்கலை.

வெளிய வந்து புள்ளை என்னைத் தனியாக் கூப்பிட்டா. "நான் சொன்னதை நீங்க மாத்திச் சொல்லாதீங்கப்பா. எம்மேலன்னா நாலு நாள் பேசுவாங்க, உட்டுருவாங்க. உங்க மேலன்னா உங்களுக்கு ஊர்ல என்னப்பா மிச்சம் இருக்குது"ன்னா. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுங்களா? நிம்மதியா இருந்துச்சு தம்பி. அப்பாடான்னு இருந்துச்சு. அதை நெனைச்சாத்தான் ரவைக்கெல்லாம் தூக்கம் வர மாட்டேங்குது. வயித்துல அழிஞ்சுட்டிருக்கற கொழந்தையோட நின்னு எம்மானத்தைப் பத்தி அவ யோசிச்சா. நானும் அதையேதான் யோசிச்சேன்.

அதுக்கப்புறம் பட்ட பாடு கொஞ்சமா. ஏழாம் மாசம் வயித்து வழியா ஊசி உட்டு உள்ளயே கொழந்தைக்கு ரத்தம் ஏத்துனாங்க. விரலைக் குத்துனா மூச்சு நிக்கற புள்ளை தம்பி. அத்தாந்தண்டி ஊசியை வயித்துல எறக்கும்போது ஒரு சத்தம் போடலை. அசைஞ்சாக் கொழந்தைக்குப் படும்னு சொல்லீட்டாங்களாம். மூணு வாரம் கழிச்சு மறுக்கா. வளைகாப்புப் போட்டோம், இந்த ஆஸ்பத்திரி அறையில, நர்சுங்க நாலு பேரு கண்ணாடி வளையல் அடுக்குனாங்க. சம்பந்தியம்மா வரலை. எட்டாம் மாசமே ஆபரேசன் பண்ணிக் கொழந்தையை எடுத்துட்டாங்க.

இப்ப என்னன்னா, ஞாயித்துக்கிழமை அந்தியூர்ல பெரியவங்களை வெச்சுப் பேசறாங்களாம். மாப்பிள்ளையோட பெரியப்பா எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. ரத்தக் கொறையை மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டோமாம். தாள்ல பொய்யா அச்சடிச்சோமாம். இனி ஒரு கொழந்தைன்னா இதைவிட மோசமாகும்னு டாக்டரம்மா சொன்னதை வெச்சுட்டு, பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்து நேரா அப்பன் ஊட்டுக்கே போகட்டும்னு சம்பந்தியம்மா நிக்கறாங்களாம். மாப்பிள்ளை நல்லவருதானுங்க. கெட்டவருன்னா எனக்குச் சுலுவாப் போயிருக்கும். எதுத்து ஒரு சொல்லுப் பேசாத மனுசன். ஆனா நாலு மாசமாப் பொண்டாட்டிகிட்ட முகங்குடுத்துப் பேசறதில்லை. "கார்டைப் பாத்துச் சொன்னாளாம் மாமா. ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்லியிருந்தா எங்கொழந்தைக்கு இந்தக் கெதி வருமா"ன்னு எங்கிட்டயே வந்து அழுகறாரு. எந்தோள்லயே சாஞ்சு அழுகறாரு தம்பி. "நீங்க இல்லைன்னா ரத்தத்துக்கு நாங்க எங்க போவோம் மாமா"ங்கறாரு. நான் முதுகைத் தடவிக் குடுத்தேன்.

சுலோச்சனா எங்கிட்டப் பேசறதை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு. கடைசியாப் பேசுனது, "நாப்பத்தேழு தடவை ஊருக்கு ரத்தம் குடுத்தீங்களே, பெத்த புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாதுங்களா"ன்னு. அதோட போயி புள்ளை பக்கத்துல உக்காந்தவதான்.

அவளுக்கு என்ன தெரியும்? நான் பண்ற வேலையைப் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும். நாளைக்கு ஊருக்குள்ள, ரத்தக்கார அண்ணன் சொந்தப் பொண்ணு ரத்தத்தையே மாத்திச் சொல்லி ஒரு கொழந்தையைக் கெடுத்துட்டான்னு பேச்சு ஆயிருச்சுன்னா, எம்பேச்சைக் கேட்டு எவன் வந்து கையை நீட்டுவான்? நீங்களே வருவீங்களா? வருசத்துக்கு இரநூறு பேரு பொழைக்கறாங்க தம்பி எம்போன்னால. அத்தனை உசுரும் என்னாகறது? எனக்காகவா பாக்கறேன்? எனக்காகப் பாக்கலை.

அப்படிப் பாக்காதீங்க தம்பி.

இன்னைக்குக் காத்தால வார்டுக்குப் போனேன். புள்ளை செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தா. ஞாயித்துக்கிழமை சங்கதி அவளுக்கு ஆரோ சொல்லியிருக்கறாங்க. எழுந்து உக்காந்து என்னைப் பாத்தா. கேக்கப் போறா, மாத்திச் சொல்லிருங்கப்பான்னு கேக்கப் போறான்னு நெனைச்சேன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்க. சத்தியமா. அவ கேக்கலை. "சாப்பிட்டீங்களாப்பா"ன்னா. "அவரு எங்கிட்டப் பேசவே மாட்டேங்கறாருப்பா, நீங்களாச்சும் அவரு கூட இருங்க, தனியாக் கெடந்து அழுகறாரு"ன்னா. நான் தலையை ஆட்டீட்டு வெளிய வந்துட்டேன். வந்து உங்களுக்குப் போன் அடிச்சேன்.

இதையெல்லாம் ஏன் உங்ககிட்டச் சொல்றேன்னா, ஒருக்கா வாய் உட்டுச் சொல்லிப் பாத்தா, மறுக்காச் சொல்றது சுலுவாப் போகும்னுதான். வேற ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லை. நீங்கதான் மொத ஆளு. இப்பச் சொல்லியாச்சு பாருங்க, ஒண்ணும் ஆகலை. வானம் இடிஞ்சு உழலை. மாப்பிள்ளை வரட்டும். இந்தா, இங்கயே, உங்க முன்னாலயே சொல்லிப்போடறேன். நீங்க பக்கத்துல இருங்க, எனக்கொரு தைரியம். "மாப்பிள்ளை, அன்னைக்கு அந்தச் சிஸ்டர்கிட்டச் சொன்னது நானு." அவ்வளவுதானே? ஆறே வார்த்தை. அப்புறம் அவரு அடிச்சாலும் சரி, காறித் துப்புனாலும் சரி. எம்புள்ளை அவ ஊட்டுக்குப் போகட்டும்.

அதோ, படி எறங்கி வர்றாரு பாருங்க. நீலச் சட்டை.

வாங்க மாப்பிள்ளை. வாங்க. இந்தத் தம்பிதான், பல்லடம். ஆமாங்க, முழு யூனிட்டும் எடுத்துட்டாங்க. டெஸ்ட்டுக்குப் போயிருக்குது. அளவு இப்ப என்னங்க? இருபத்திரண்டா? சரி, சரி, வெசனப்படாதீங்க, இன்னும் ரெண்டரை மணி நேரந்தான். அழாதீங்க மாப்பிள்ளை. பிரதீபா என்னங்க பண்றா? ஓ, நீங்க அந்தப் பக்கம் போகலைங்களா.

ஏனுங்க? என்ற கண்ணா? தூக்கம் இல்லைல, அதான் செவந்திருக்குது.

மாப்பிள்ளை.

இல்லீங்க, சொல்றேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு. அன்னைக்கு ஆடியில, அந்த நர்சிங் ஹோமுல...

அங்க நான் கூட இருந்தேன்ல. இருந்தும், புள்ளை சொன்னதை நான் கவனிக்காம உட்டுட்டேனுங்க. அதான் மனசைப் போட்டு அரிக்குது. வேற ஒண்ணும் இல்லைங்க. ஐயோ, நீங்க எதுக்குங்க கையைப் புடிச்சுக்கறீங்க. நீங்க பெரிய மனசுக்காரரு.

தம்பி, ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க. வேண்டாம் தம்பி. தம்பி, வேண்டாம்னு சொல்றேன்ல.

மாப்பிள்ளை, நீங்க மேல போங்க, கொழந்தைகிட்ட இருங்க. தம்பிக்குத் தலை சுத்துதாட்ட இருக்குது, என்னமோ பேசறாரு. மொதத் தடவை குடுக்கறவங்களுக்கு இப்படித்தானுங்க, பேச்சு கொஞ்ச நேரம் ஒளறும். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கறேன். ஒண்ணும் இல்லைங்க, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்.